"மிஸ், இன்றைக்கு எங்கள் மகளுக்குப் பிறந்தநாள்"

அன்பான பெற்றோரே,

பெரஹரா விடுமுறை நெருங்கினால் கண்டியில் நமக்கு இரண்டே யோசனை. வீதிகளை மூடுவதற்கு முன்பு சாமான்களை வாங்கி வைத்துவிட்டு வீட்டோடு இருப்பது, அல்லது கையில் கொஞ்சம் காசிருந்தால் ஊரை விட்டுக் கிளம்புவது. திருச்சி, மதுரை, சென்னை என்று ஆளுக்கொரு பக்கம் போகிறோம். வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடப் பேச்சு குறைந்து பயணப் படங்கள் நிறையும். அவற்றுள் ஒரு வகை வீடியோ இப்போது அடிக்கடி வருகிறது. பறக்கும் விமானத்தின் நடுவழியில் ஒரு பிள்ளை நிற்கிறது. கையில் சின்னக் கேக். பணிப்பெண்கள் இருவர் கைதட்டுகிறார்கள். போனுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வருகிறது: "சிரிங்க மகள், நல்லா சிரிங்க." அதன் கீழே நம் கேள்விகள் வரிசை கட்டுகின்றன. "எப்படி ஏற்பாடு செய்தீங்க?" "யாரிட்ட சொல்லணும்?" "டிக்கட்டோட சேர்த்துத் தருவாங்களா?"

இத்தனை கேட்கிற நாம் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை இதைக் கேட்டதா?

கண்டியிலிருந்து காலை விமானத்துக்குப் போவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். நள்ளிரவு தாண்டியதும் பிள்ளையை எழுப்பி, அரைத் தூக்கத்திலேயே உடுப்பு மாற்றி வேனில் ஏற்றுகிறோம். கடுகண்ணாவ வளைவுகளில் அது ஒருமுறை வாந்தி எடுக்கும். மாவனெல்லையில் தேநீருக்கு நிறுத்துவோம். கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேரும்போது பிள்ளையின் முகம் வாடியிருக்கும். பிறகு பெட்டி நிறுப்பது, குடிவரவு வரிசை, சப்பாத்தைக் கழற்றிச் சோதனை. இருக்கையில் உட்கார்ந்ததும் அதற்கு வேண்டியது ஜன்னலோரமும் ஒரு குட்டித் தூக்கமும்தான். அந்த நேரம் பார்த்து நாம் தலைக்கு மேலுள்ள மணியை அழுத்துகிறோம். "மிஸ், இன்றைக்கு எங்கள் மகளுக்குப் பிறந்தநாள். ஏதாவது ஸ்பெஷலா செய்ய ஏலுமா?" மகள் கதிரைக்குள் இன்னும் கொஞ்சம் புதைகிறாள். அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக இழுக்கிறாள். நாம் அதைக் கூச்சம் என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம்.

வேண்டாம் என்று ஒரு பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்?

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். நம் பக்கத்துப் பயணங்களுக்குப் பெரும்பாலும் வருகிற ஏ 320 வகை விமானத்தில் சுமார் 150 பேர் அமரலாம். வருடத்துக்கு 365 நாள். விமானம் நிறைந்து பறந்தால், ஏறத்தாழ மூன்று பறப்புகளில் ஒன்றில் யாரோ ஒருவருக்கு அன்று பிறந்தநாளாக இருக்கும். 300 பேர் ஏறும் பெரிய விமானம் என்றால் இரண்டில் ஒன்றுக்கும் மேல். நமக்கு வருடத்தில் ஒரே நாள். அந்தப் பணிப்பெண்ணுக்கோ அது வாரத்தில் பல தடவை வருகிற நாள். நம் பிள்ளைக்குப் பாடினால், பதினேழாம் வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் பாட வேண்டும். அவர் மணியை அழுத்த மாட்டார். அழுத்துகிறவருக்குக் கேக், பேசாமல் இருப்பவருக்கு ஒன்றுமில்லை என்பதைத்தானே பக்கத்தில் இருந்து நம் பிள்ளை பார்த்துப் பழகுகிறது?

பணியாளர்களின் நேரத்தையும் பார்க்க வேண்டும். திருச்சிக்குப் பறப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஏறுவதிலும் இறங்குவதிலும் பாதி போய்விடும். மீதி அரைமணிக்குள் அத்தனை பேருக்கும் சாப்பாட்டுப் பொதி கொடுத்து, தண்ணீர் கொடுத்து, குப்பையைச் சேர்த்து, வண்டிலைப் பூட்டி, இடுப்புப் பட்டிகளைப் பார்த்து முடிக்க வேண்டும். 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. அவர்களை அங்கே நிறுத்தியிருப்பது நம்மை உபசரிக்க என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவின் ஹனெடா ஓடுபாதையில் ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம் தீப்பற்றி எரிந்தபோது, அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பணியாளர்கள் பெற்ற பயிற்சி அதற்குத்தான். பெட்டிகளை விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர்கள் சொன்னதைப் பயணிகளும் கேட்டார்கள். சொன்னதைக் கேட்பது என்ற அந்தப் பழக்கம் நம் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? பணியாளரை ஏவலாள் போலக் கூப்பிடும் அம்மா அப்பாவிடமிருந்தா?

விமானத்தைக் கொண்டாட்ட மண்டபமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே கதைகள் இருக்கின்றன. 2014 மார்ச்சில் ஹோலி நாளன்று ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் பறப்பின் நடுவே பணியாளர்கள் ஆடினார்கள். வீடியோ பரவியது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. விமானிகள் இருவர் இடைநிறுத்தப்பட்டார்கள். 2017 ஜனவரியில் ஜெட் எயார்வேஸ் விமானமொன்றில் பாடகர் சோனு நிகம் அறிவிப்பு ஒலிவாங்கியில் பாடினார். பயணிகள் மகிழ்ந்தார்கள். பணியாளர்கள் ஐவர் இடைநிறுத்தப்பட்டார்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது மதுரையில் நடந்தது. 2021 மே 23ஆம் திகதி, தமிழ்நாட்டில் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, மதுரையில் ஒரு குடும்பம் வாடகைக்கு எடுத்த விமானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உறவினரோடு ஏறி ஆகாயத்தில் தாலி கட்டியது. கொரோனாக் காலம். இடைவெளி என்ற பேச்சே இல்லை. விசாரணை வந்தது. அந்த விமானத்தின் பணியாளர்களைப் பறப்புப் பணியிலிருந்து விலக்கினார்கள்.

மூன்று சம்பவத்திலும் ஆசை யாருடையது, வேலையில் அடி விழுந்தது யாருக்கு என்று பாருங்கள். நாளைக்கு நாம் பிடித்துப் போடும் வீடியோவால் ஒரு பெண்ணுக்கு மேலதிகாரியின் கடிதம் வந்தால், அது நம் காதுக்கு எட்டுமா?

ஆகாயத்திலேயே பிறந்த பிள்ளையின் கதையும் உண்டு. 2017 ஜூன் 18ஆம் திகதி தமாமிலிருந்து கொச்சிக்குப் பறந்த ஜெட் எயார்வேஸ் விமானத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. விமானத்தை மும்பைக்குத் திருப்பினார்கள். அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் இலவசப் பயணம் என்று நிறுவனம் அறிவித்தது. 2019 ஏப்ரல் 17ஆம் திகதியோடு ஜெட் எயார்வேஸ் பறப்பதை நிறுத்திவிட்டது. பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. நிறுவனங்கள் தரும் தனிச் சலுகையின் ஆயுள் அவ்வளவுதான். அதையா நம் அன்புக்கு அளவுகோலாகப் பிள்ளை கையில் கொடுக்கிறோம்?

உண்மையில் விமான நிறுவனங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளைக் கவனிக்காமல் இல்லை. இரண்டு பிறந்தநாள்களை மிகக் கவனமாகப் பார்க்கின்றன. இரண்டு வயது முடியும்வரை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். போகும்போது ஒன்றரை, திரும்பும்போது இரண்டு என்றால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். பன்னிரண்டு முடிந்தால் முழு டிக்கட். இந்தக் கணக்குத் தெரிந்த நாம் என்ன செய்கிறோம்? கண்டி ரயில் நிலையத்தில் டிக்கட் வாங்கும் வரிசையில், பன்னிரண்டு முடிந்த மகனின் காதில் குனிந்து சொல்கிறோம்: "யாரும் கேட்டா பதினொன்னுன்னு சொல்லுங்க." அரை டிக்கட்டில் கொழும்புக்குப் போய் வருகிறோம். அதே மகனுக்கு விமானத்தில் பிறந்தநாளை உரக்க அறிவிக்கிறோம். காசு மிஞ்சும் இடத்தில் மறைக்கவும், கேக் கிடைக்கும் இடத்தில் கூவவும் வயது என்ன, நம் வசதிக்கு வைத்த குடையா?

வீட்டுக்குள் வருவோம். ஐந்தாம் தரப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு மாலை. ஐந்தரைக்கு எழுந்து ஸ்கூல் வேனில் போன பிள்ளை பள்ளிக்கூடம் முடிந்து, டியூசன் முடிந்து, மழையில் நனைந்த பையோடு வருகிறது. மேசையில் புலமைப்பரிசில் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள். "வெட்டுப்புள்ளியைத் தாண்டிட்டா இந்த முறை பிறந்தநாள் பிளேன்ல" என்கிறார் அப்பா. அன்போடுதான் சொல்கிறார். அந்தப் பயணத்துக்காக அவர் மேலதிக நேரம் வேலை செய்கிறார் என்பதும் உண்மை. ஆனால் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறுவது. அது எத்தனையில் நிற்கும் என்று பெறுபேறு வரும்வரை யாருக்கும் தெரியாது. பத்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டுபோய் அந்த எண்ணில் தொங்கவிடுகிறோம். இரண்டு புள்ளி குறைந்தால் அந்தப் பிள்ளை பிறந்ததில் நமக்குச் சந்தோஷம் குறைந்துவிடுமா?

தாண்டிவிட்ட பிள்ளைக்கும் நிம்மதி இல்லை. விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போகிறது. முன்பெல்லாம் பிறந்தநாள் பிள்ளை ஒரு பைக்கற் டொபியோடு வரும். எல்லோருக்கும் ஒவ்வொன்று, டீச்சருக்கு இரண்டு. அதோடு முடிந்தது. இப்போது வீடியோவை அம்மாமார் போனில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். "உனக்கு பிளேன்ல வெட்டினாங்களாமே, எனக்கு அடுத்த மாசம் துபாய் போற பிளேன்ல" என்கிறது ஒன்று. மூலையில் இருக்கும் இன்னொன்றின் அம்மா சவூதியில் வீட்டு வேலைக்குப் போனவள். அவளும் கட்டுநாயக்காவில்தான் ஏறினாள், வேலைவாய்ப்புப் பணியகத்தின் மேசையில் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு. மகளின் பிறந்தநாளில் அவளுக்கு லீவு கிடைக்காது. இரவில், எசமானி தூங்கிய பிறகு, ஐந்து நிமிடம் போனில் முகம் பார்க்கலாம். அந்தப் பிள்ளை இருக்கும் வகுப்புக் குழுவிலேதான் நம் ஆகாயக் கேக்கைப் போடுகிறோம்.

நாம் கெட்டவர்கள் அல்ல. நமக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று நினைப்பவர்கள். 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். எரிபொருள் இல்லாமல் நம் நாட்டு விமானங்களே திருவனந்தபுரத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிப் போனதைப் பார்த்தோம். அந்த வருடம் எத்தனையோ வீடுகளில் பிறந்தநாளுக்குக் கேக் இல்லை. அம்மா பாற்சோறு கிண்டித் தட்டில் வெட்டி வைத்தார். அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. ஆனால் அந்த வருடத்துப் பாற்சோற்றைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். குறையாக நினைவிருக்கிறதா அதற்கு?

இன்னும் பின்னால் போனால், நம் அப்பாயி அம்மாயிமார் பலருக்குப் பிறந்த திகதியே தெரியாது. தோட்டத்துப் பதிவில் துரை எழுதிவைத்ததுதான் வயது. 1964 ஒக்டோபரில் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது நம்மவர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதினார்கள். கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கம்பளை, புசல்லாவைப் பக்கமிருந்தும் குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்குப் போனார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று ஆனது அப்படித்தான். இன்று நாம் திருச்சிக்குப் போவதில் பாதி அந்த உறவுகளைப் பார்க்கத்தான். விமானம் மன்னார் வளைகுடாவுக்கு மேலேதான் போகிறது. வானம் தெளிந்திருந்தால் ஜன்னல் வழியே இராமேசுவரக் கரை தெரியலாம். "இந்தக் கடலைத்தான் உங்க பெரிய தாத்தா கப்பல்ல தாண்டினார்" என்று சொல்ல அந்த ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை கைதட்டுங்க மிஸ், சரியா விழல்ல" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

விமானத்தில் தனிக் கவனிப்பு என்று ஒன்று முறைப்படி உண்டு, அதைக் கேட்பதில் வெட்கமும் இல்லை. நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி. சீனி வருத்தம் உள்ளவருக்குத் தனிச் சாப்பாடு. கைக்குழந்தைக்குத் தொட்டில். தனியாகப் பயணம் செய்யும் சின்னப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், மறுபக்கம் உரியவரிடம் ஒப்படைக்கும் பணியாளர். இவையெல்லாம் தேவைக்குக் கொடுப்பவை. நாட்காட்டியில் ஒரு திகதி வந்துவிட்டது என்பது தேவை ஆகாது. வாழ்த்தினால் அது அவர்களின் நல்ல மனசு. வாழ்த்தாவிட்டால் அவர்கள் தவறவிட்டது ஒன்றுமில்லை. இந்த வித்தியாசம் பிள்ளைக்கு நம்மிடமிருந்துதான் தெரிய வேண்டும்.

கொண்டாடவே கூடாதா என்று கேட்பீர்கள். கொண்டாடலாம். சில நிறுவனங்கள் முன்கூட்டிச் சொன்னால் கேக் ஏற்பாடு செய்கின்றன, சில அதற்குக் காசு வாங்குகின்றன. டிக்கட் எடுக்கும்போதே கேளுங்கள். பிள்ளைகளுக்கான சாப்பாட்டைக்கூடப் பல நிறுவனங்களில் பறப்புக்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவைக்க வேண்டும். இல்லை என்றால் இல்லைதான். மெழுகுதிரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், விமானத்துக்குள் தீ கொளுத்த முடியாது. கேக் கிடைத்தால் உட்கார்ந்த இடத்திலேயே வெட்டிப் பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒரு துண்டு கொடுங்கள். "தேங்க் யூ மிஸ்" என்று பிள்ளையே சொல்லட்டும், அதன் வாயிலிருந்து வரட்டும். போர்டிங் பாஸைப் படம் எடுத்துப் போடாதீர்கள். அதிலுள்ள முன்பதிவு இலக்கமும் குடும்பப் பெயரும் இருந்தால் வேறொருவர் உங்கள் பதிவைத் திறந்து பார்த்துவிடலாம்.

விமானப் பயணிக்குப் பிறந்தநாளில் தனி மரியாதை எதிர்பார்க்க உரிமை உண்டா? இல்லை. நமக்கும் இல்லை, நம் பிள்ளைகளுக்கும் இல்லை. உண்டு என்று சொல்லி வளர்த்தால், வாழ்த்தாத ஒவ்வொரு மனிதர் மேலும் அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் மனத்தாங்கல் கொள்ளும். அந்தச் சுமையை ஏற்றுவது விமான நிறுவனம் அல்ல, நாம்.

ஆகவே பெற்றோரே, அடுத்த பயணத்துக்கு டிக்கட் எடுப்பதற்கு முன் பிள்ளையை உட்காரவைத்து, பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஜன்னலோர இருக்கை என்று சொன்னால் அதை எடுத்துக் கொடுங்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் அதையும் நம்புங்கள். பறக்கும்போது போனைப் பைக்குள் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஒரு தாய்,
கண்டி.